பக்கவாட்டுக் கதவு

இல்ல சார், கயித்த என்கிட்ட நீட்டாதீங்க. நான் வாங்க மாட்டேன். குதிரைய வாங்க மாட்டேன்னு சொல்லல, கயித்தத்தான் வாங்க மாட்டேங்கிறேன். ரெண்டும் வேற வேற. மொதல்ல உக்காருங்க. அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காருங்க. நாற்காலி ஒண்ணு இருந்துச்சு, போன மாசம் ஒருத்தி பின்னாடியே நகந்து வந்து அது மேல சாஞ்சுட்டா. ஒருத்தின்னா குதிரை சார். ஆளுங்க அவ்ளோ கனம் இருக்க மாட்டாங்க.

என்ன பாக்குறீங்க? வெளிய போர்டுல பழைய குதிரைகள் வாங்கப்படும்னு எழுதியிருக்கு, உள்ள மீசை வச்ச ஆளு ஒருத்தர் இருப்பாருன்னு நெனச்சு வந்திருப்பீங்க. எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. மீசை வச்ச ஆளு உள்ள டீ போட்டுக்கிட்டிருக்காரு. என் வீட்டுக்காரர். அவருக்குக் குதிரைன்னா பயம். என்னக் கண்டா அதவிட ஒரு பிடி கூட. அதனால டீ நல்லாத்தான் இருக்கும், குடிச்சுட்டுப் போலாம்.

அவசரமா? லாரி எங்கயும் ஓடிப் போயிடாது சார். அதோ நிக்குது பாருங்க பச்சைக் கலர்ல, பின்னாடி பலகைகூட எறக்கித்தான் வச்சிருக்கேன். பூனையா? அது பானட்டுக்குள்ளயே குடியிருக்கு, அத விடுங்க.

சரி, பேரச் சொல்லுங்க. உங்க பேரு எதுக்கு எனக்கு? இவளோட பேரு. நம்பர் வேணாம் சார், குதிரையோட பதிவுப் புத்தகத்த உள்ள வைங்க. நம்பரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாளா? இங்க ரெண்டே ரெண்டு சட்டம்தான். ஒண்ணு, குதிரையோட பேரச் சொல்லணும். இன்னொண்ண அப்புறம் சொல்றேன்.

சிட்டா? இவ்ளோ பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு சிட்டு! அடக் கடவுளே. யாரு வச்சது? பொண்ணு வச்சதா? ஏழு வயசுல. அதான பாத்தேன், பெரியவங்க யாரும் இப்படி ஒரு பேர தைரியமா வைக்க மாட்டாங்க. ஏய் சிட்டு! பாருங்க, காது எப்படித் திரும்புதுன்னு. இங்க பாருடி, நான்தான் கூப்பிட்டேன். ம்ம், பல்லு காட்டு. பத்தொம்பது வயசா? சரியாத்தான் சொல்றீங்க. நெறைய பேரு நாலஞ்சு வயசக் கொறைச்சுச் சொல்லுவாங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி.

நிறுத்துங்க சார், அடுத்தது நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன். பொண்ணு படிக்கப் போயிட்டா, ஏறி ஓட்ட ஆளில்ல. லாயத்துக்கு வாடகை குடுத்து மாளல. முன்னங்கால் வேற இழுக்குது. அதனால இவள ஏதாவது ஒரு நல்ல எடமாப் பாத்து அனுப்பிடணும். சரியா? சிரிக்காதீங்க. இந்த வாளியில உக்காந்தவங்க அத்தன பேரும் இதத்தான் சொன்னாங்க. அந்த நல்ல எடம் எங்க இருக்குன்னு மட்டும் ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்களும் கேக்கல. கேட்டா நான் சொல்லிடுவேனோன்னு ஒரு பயம்.

பொண்ணுக்குத் தெரியுமா நீங்க இங்க வந்தது?

சரி, விடுங்க. டீ வந்துடும்.

அங்க பாருங்க, வேலி ஓரமா ஒரு வெள்ளக் குதிரை, தலைய வாளிக்குள்ள விட்டுக்கிட்டு நிக்குதே. வாயில ஒரு பல்லு கெடையாது, தவிட்டுக் கஞ்சிதான் ஆகாரம், அதையும் மூஞ்சி பூரா பூசிக்கிட்டுத்தான் குடிக்கும். அவருக்குத் தலைவர்னு பேரு. ஏன்னு கேளுங்க. குதிரை தனியா ஒரு இருட்டுப் பொட்டிக்குள்ள ஏறவே ஏறாது சார். நாலு பேரு தள்ளுனாலும் ஏறாது. ஆனா முன்னாடி ஒண்ணு ஏறிப் போச்சுன்னா மத்ததெல்லாம் பின்னாடியே ஏறிடும். அந்த முன்னாடி போறவருதான் தலைவர். ஜம்முனு பலகையில ஏறுவாரு, எல்லாம் நம்பிப் பின்னால வரும். லாரியில முன்பக்கமா ஒரு பக்கவாட்டுக் கதவு இருக்கு, எல்லாம் ஏறின ஒடனே அது வழியா அவர மட்டும் எறக்கிடுவேன். லாரி கெளம்பும், தலைவரு இங்க நின்னு தவிடு தின்னுக்கிட்டிருப்பாரு. பேரு பொருத்தமா இருக்குல்ல? இப்பச் சிரிங்க, இதுக்குச் சிரிக்கலாம்.

எங்க போவுமா? பரவால்லியே, கேட்டுட்டீங்களே! கசாப்புக்கூடத்துக்குத்தான் சார். மூணு மணி நேரம் லாரியில. பதினாலு வருசம் நான்தான் ஓட்டுனேன். மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது.

முகத்தச் சுளிக்காதீங்க. உங்க மாதிரி நல்லவங்க குடுத்துத்தான் நான் கொண்டு போனேன். ஒருத்தரும் என்னைத் திட்டுனதில்ல, எல்லாரும் நன்றி சொல்லிட்டுத்தான் போனாங்க. கயித்த என் கையில திணிச்சுட்டு, திரும்பிப் பாக்காம, வேக வேகமா நடந்து போவாங்க. முதுக மட்டும் நல்லா ஞாபகம் வச்சிருக்கேன்.

அப்ப ஒரு தடவை, பெருசா ஒருத்தன் என் காலு மேல ஏறி நின்னுட்டான். எலும்பு ஒடஞ்சு மாவுக்கட்டு. அன்னைக்கு அஞ்சு குதிரைய அனுப்பியாகணும். நீங்களே போயிட்டு வாங்கன்னு வீட்டுக்காரர அனுப்புனேன். லாரி நல்லா ஓட்டுவாரு, குதிரைதான் ஆகாது. தலைவரு ஏறுனாரு, பின்னாடி அஞ்சும் ஏறுச்சு. இவரு படார்னு பின்கதவச் சாத்திட்டு, ஓடிப் போயி முன்னாடி உக்காந்து வண்டிய எடுத்துட்டாரு. பக்கவாட்டுக் கதவுன்னு ஒண்ணு இருக்குறதே அவருக்குத் தோணல.

ஆமா சார். தலைவரும் கூடவே போயிட்டாரு.

மதியம் நான் நொண்டிக்கிட்டே தவிடு வைக்க வந்தா, எடம் காலி. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறாரு. தெருவுல ஒரு பால் வண்டி வந்துச்சு, கைய நீட்டி நிறுத்தி, மாவுக்கட்டோட ஏறி உக்காந்துட்டேன். அந்தப் பால்காரரு பாவம், பால எறக்காம என்னைக் கசாப்புக்கூடத்துல எறக்கிட்டுப் போனாரு.

நல்லவேளை, வெட்டுறதுக்கு முன்னாடி சோதிக்கிற டாக்டரு இன்னும் வந்து பாக்கல. ஆறும் முத்தத்துல வரிசையா நிக்குது. தலைவரு மொத ஆளா நிக்கிறாரு, பழக்க தோசம். அங்க ஒரு கிளார்க்கு. இது என் குதிரை, விடுங்கன்னேன். அம்மா, எல்லாமே நீங்க அனுப்புன குதிரைதானே, இதுல உங்க குதிரை எங்க குதிரைன்னு என்ன இருக்குன்னான். இல்லப்பா, இது நான் வளக்குறது, பாருன்னு சொல்லி, தலைவரேன்னு கூப்பிட்டேன். குடுகுடுன்னு வந்தாரு. அவன் அசரல. பேரச் சொல்லிக் கூப்பிட்டா எல்லாந்தான் வரும், இதென்ன அதிசயம்னுட்டான்.

கிண்டலுக்குத்தான் சொன்னான். எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. அங்க செவலையா ஒண்ணு நின்னுச்சு, நெத்தியில வெள்ளப் புள்ளி. குடுக்க வந்தவங்க வீட்டுக் கொழந்தை ஒண்ணு, இதுக்குப் பொட்டுன்னு பேரு, காதுக்குப் பின்னாடி சொறிஞ்சா புடிக்கும்னு என்கிட்ட சொல்லிட்டுப் போயிருந்துச்சு. என்னையும் அறியாம வாயில வந்துடுச்சு, பொட்டுன்னு. வந்து என் உள்ளங்கையில மூக்க வச்சு மூச்சு விட்டா சார். சூடா.

அவ்ளோதான். ரெண்டுக்கும் வலி மருந்து குடுத்திருக்கேன்னு சொல்லிட்டேன். வலி மருந்து போட்ட குதிரை கறிக்கு ஆகாது, அங்க அது பெரிய சட்டம். தலைவருக்குக் குடுத்தது நெசம், பொட்டுக்கு நான் சொன்னது பச்சப் பொய். கிளார்க்கு முணுமுணுத்துக்கிட்டே ரெண்டையும் வெளிய விட்டான்.

மீதி நாலா? மீதி நாலுக்கும் எனக்குப் பேரு தெரியாது சார்.

அந்தப் பொய்ய ஆறுக்கும் சொல்லியிருக்கலாம். என்ன செலவு அதுல? வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான். எனக்குத் தோணவே இல்ல. பேரு தெரிஞ்சதுக்குத்தான் பொய் சொல்லக்கூட மனசு வந்துச்சு. அதான் மொதல் சட்டம். பேரச் சொல்லாம யாரும் இங்க குதிரைய விட முடியாது.

இந்தா, டீ வந்துடுச்சு. பாத்தீங்களா, குதிரை நிக்குற பக்கமா வராம, செவுத்த ஒட்டிச் சுத்திக்கிட்டு வர்றத! குடுங்க, குடுங்க. சாருக்கு மொதல்ல.

ஐயோ, நான் ஒண்ணும் பிரசங்கம் பண்ணல சார். கொல்றதே பாவம்னு சொல்ல நான் யாரு? நானும் கறி திங்கிறவதான். கால் முறிஞ்சு, வலியில துடிக்கிற குதிரைய டாக்டரக் கூப்பிட்டு ஊசி போட்டு அனுப்பிவிடுறது நல்ல காரியம், நானே மூணு தடவ பண்ணியிருக்கேன். ஆனா தலைய என் மடியில வச்சுக்கிட்டுப் பண்ணேன். கசாப்புக்கு அனுப்பக் கூடாதுன்னு பேசுறவங்கள்ல பாதிப் பேரு, ரோட்டோரம் அவுத்து விட்டுட்டு, தானாப் பொழச்சுக்கும்னு போயிடுறாங்க. அது இன்னும் மோசம். பட்டினி கெடந்து சாகும். அனுப்பணும்னா அனுப்புங்க, ஆனா கூடப் போயி நில்லுங்க. வாங்குறப்போ போட்டோ எடுக்க முன்னாடி நின்னோம்ல, கடைசியிலயும் நிக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.

அதான் ரெண்டாவது சட்டம். பலகையில நீங்கதான் ஏத்தணும். தலைவரு இப்பல்லாம் ஏறுறதில்ல. அன்னைக்கு வந்ததுலேர்ந்து பலகையக் கண்டா நாலு காலையும் ஊனிக்கிட்டு நிப்பாரு. நானும் ஏத்த மாட்டேன். கயிறு உங்க கையில இருக்கு, லாரி அங்க இருக்கு. உள்ள கொண்டு போயி, கட்டிட்டு, எறங்கி வந்துடுங்க. மீதிய நான் பாத்துக்கிறேன்.

இருங்க, டீய முழுசா குடிங்க. அதுக்குள்ள கால மட்டும் நான் பாத்துடுறேன். தூக்குடி சிட்டு. ம்ம்... சார், கொளம்பு வெட்டி எத்தன மாசமாச்சு? யோசிக்கிறீங்கன்னா ஆறு மாசத்துக்கு மேல. இங்க பாருங்க, முன்பக்கம் எப்படி நீண்டு போயிருக்குன்னு. உங்க கால் அளவவிட நாலு அளவு பெரிய செருப்பப் போட்டுக்கிட்டு நடந்தா நீங்களும் இழுத்துத்தான் நடப்பீங்க. முட்டியில லேசா வீக்கம் இருக்கு, இல்லங்கல. வயசாச்சுல்ல. ஆனா பாதி நொண்டல் கொளம்பாலதான். டாக்டர் பாத்தாரா? அதுவும் இல்ல. நல்ல அப்பா சார் நீங்க!

கோச்சுக்காதீங்க, வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. சரி, போங்க. கூட்டிட்டுப் போங்க.

நிதானமா. பலகையில சத்தம் வரும், பயப்படுவா. ஆங், முன்னங்கால் வச்சுட்டா பாருங்க. தனியா எதுவும் ஏறாதுன்னு சொன்னேன்ல, இவ ஏறுறா. முன்னாடி நீங்க போறீங்கள்ல, அதான்.

என்ன நின்னுட்டீங்க?

அவ எங்க பாக்குறா? உங்களத்தான் பாக்குறா. வேற எங்க பாப்பா? நின்னு யோசிங்க, ஒண்ணும் அவசரமில்ல.

பொண்ணு எப்ப போன் பண்ணும்? ஞாயித்துக்கிழமையா. மொதல்ல யார விசாரிப்பா? உங்களையா? பாருங்க, உங்களுக்கே சிரிப்பு வருது. சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களான்னுதான் இங்கேர்ந்து தெரியல. எதுன்னாலும் பரவால்ல, இங்க யாரும் இல்ல. என் வீட்டுக்காரர் வெளிய சொல்ல மாட்டாரு.

அப்படித்தான். பின்னாடி நகத்துங்க. மெதுவா, பலகை நுனி வழுக்கும். ஆங், எறங்கியாச்சு.

இல்ல சார், மன்னிப்பெல்லாம் அவகிட்ட கேளுங்க, எனக்கெதுக்கு? நான் சொல்றத மட்டும் கேட்டுக்கிட்டுப் போங்க. லாடம் அடிக்கிறவரு மேலத் தெருவுல இருக்காரு, நான் சொன்னேன்னு சொல்லுங்க, நாளைக்கே வந்துடுவாரு. ஆறு வாரத்துக்கு ஒரு தடவ வெட்டியே ஆகணும். ஓட்ட ஆளில்லன்னா பரவால்ல, குதிரைக்கு யாரும் மேல உக்காரணும்னு ஆசையெல்லாம் கெடையாது. சாயங்காலம் நீங்க நடக்கப் போவீங்கள்ல, இவளையும் புடிச்சுக்கிட்டுப் போங்க. உங்க வயித்துக்கும் நல்லது. வாடகை லாயம் வேணாம், பால்காரரு தோட்டத்துல ஒரு கொட்டகை சும்மா கெடக்குது, பேசி விடுறேன். அதே பால்காரருதான். ஞாயித்துக்கிழமை பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. திட்டுவா. வாங்கிக்குங்க.

வாசக் கதவ இழுத்துச் சாத்திட்டுப் போங்க, தலைவரு வெளிய போயிடுவாரு. ஆங் சார், இன்னொண்ணு. வெளிய யாராவது கேட்டா, அந்தம்மா லாரி வச்சு இன்னும் குதிரை அனுப்புதுன்னே சொல்லுங்க. போர்டயும் அதுக்குத்தான் கழட்டாம வச்சிருக்கேன். கழட்டிட்டா உங்கள மாதிரி ஆளுங்க நேரா அடுத்த தரகருகிட்ட போயிடுவாங்க. அவரு லாரி ஓடும்.

இதுவா? இதுல இஞ்சினே கெடையாது சார். நாலு வருசமாச்சு கழட்டி. அந்த எடத்துலதான் பூனை குட்டி போட்டு வச்சிருக்கு.

ஏத்தியிருந்தா என்ன ஆயிருக்குமா? ஒண்ணும் ஆயிருக்காது. நீங்க இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காம நடந்து போயிருப்பீங்க, நான் அந்தப் பக்கவாட்டுக் கதவத் தொறந்து சிட்டுவ எறக்கிப் பின்னாடி கொட்டகையில கட்டியிருப்பேன். அங்க ஏற்கனவே பதினோரு பேரு இருக்காங்க. பன்னெண்டாவது ஆளுக்கு எடமே இல்ல சார், அதான் உங்கள இவ்ளோ நேரம் உக்கார வச்சுப் பேசிட்டேன்.