அந்த நாற்பது பேரை விட மாட்டேன்

— ஹெர்மனையா? ஹெர்மனையா அந்தப் புது டாக்டர்கிட்ட தள்ளச் சொல்ற? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா மார்லிஸ்?

— டாக்டர் சுண்ட்வால், உங்க பேர்ல ரெண்டாயிரத்து முன்னூறு நோயாளி. டாக்டர் கீகன் பேர்ல எழுநூறு. இன்னிக்குள்ள நாப்பது பேரையாவது மாத்தலன்னா, தலைமை அலுவலகம் அந்தப் பொண்ணை டுலூத் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கும். அப்புறம் ஊர் பூரா உங்க தலையிலதான்.

— மாத்து, யாரு வேணாம்னா? ஹெர்மனை மட்டும் விட்டுடு. ஏரியில எங்க பனியைத் துளைச்சா மீன் சிக்கும்னு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

— ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்கிட்ட முக்கா மணி நேரம் மீன் கதை! வெளிய காத்திருக்கிறவங்க என்னைத்தான் முறைக்கிறாங்க. டாக்டர் கீகன் பதினஞ்சே நிமிஷத்துல பார்த்து அனுப்பிடுறாங்க.

— இந்தக் குளிர்ல மனுஷன் கோட்டைக் கழட்டவே பத்து நிமிஷம் ஆகுமே! மிச்ச அஞ்சு நிமிஷத்துல என்னத்தைப் பார்க்குதாம்?

— சரி, இங்கபோர்க் அம்மா?

— ஐயையோ! அந்தம்மா வரும்போதெல்லாம் ஆப்பிள் பை பலகாரம் சுட்டு எடுத்துட்டு வரும்.

— உங்களுக்குச் சர்க்கரை இருக்கு டாக்டர்.

— அதான் பாதியை உனக்குக் குடுத்துடறேன்ல?

— டெல்மர்?

— அவனோட மூணு பிள்ளைங்களும் என் கையில பொறந்தது. நான் கைவிட்டா உடைஞ்சே போயிடுவான்.

— இன்னும் முப்பத்தேழு பேர் இருக்காங்க. ஒருத்தரையாச்சும் விடுங்களேன்.

— கல்நெஞ்சக்காரி! என் செல்லங்களாப் பார்த்துல்ல பொறுக்கி எடுத்திருக்க!

— புண்ணியமாப் போகும், கையெழுத்துப் போடுங்க. காரணம் மட்டும் கேக்காதீங்க.

— ஏன் கேக்கக் கூடாது? எடு போனை. அவங்களையே கேட்டுடுவோம்.

— போனெல்லாம் வேணாம் டாக்டர்.

— பார்த்தியா, பயந்துட்ட! அவங்களோட எனக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம் மார்லிஸ். ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'எனக்கு அந்தப் பொண்ணே போதும்'னு சொல்லட்டும். நாப்பது பேருக்கும் படிக்காமலே கையெழுத்துப் போடறேன்.

— சத்தியமா?

— சத்தியமா.

— அப்ப இந்தாங்க பேனா. இந்தப் பட்டியல் நான் போட்டது இல்ல டாக்டர். நாப்பது பேரும் என் மேசை முன்னாடி நின்னு, உங்ககிட்ட சொல்லிடாதேன்னு கெஞ்சி, அவங்கவங்க கையாலயே எழுதிக் குடுத்தது.