வெள்ளை வளையம்

இரவு பதினொன்றரை. கருவடிக்குப்பம் சுடுகாட்டைத் தாண்டினால் ஆள் நடமாட்டம் கிடையாது. அந்தச் சாலையில்தான் ஆய்வுக்கூடம். நம் தெரு சுமலதாவின் சித்தி கார்குழலிக்கு அங்கே வேலை. ரத்தத்தை வந்த அன்றே பிரித்தாக வேண்டும். அதனால் தனியாக இருந்தாள்...

ரத்தம் செல்வாம்பாளுடையது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவள். புருஷன் கொடுத்த சிறுநீரகத்தில் உயிர் ஓடியது. அதை அவளுடைய வெள்ளை அணுக்கள் எதிர்க்கின்றனவா என்று பார்த்துத்தான் மருந்தின் அளவைச் சொல்வார்கள்.

சாயங்காலம் கார்குழலி ஊசி குத்தும்போது, "எம்மாம் எடுப்ப? ஒரு கூடை மீனுலகூட இவ்ளோ ரத்தம் வராதுடி" என்று சிரித்தாள். பிறகு வீங்கிய கையைத் தடவிக்கொண்டு, "இதோட விட்டுடு தாயே" என்றாள்.

தெளிந்த திரவத்தின் மேல் ரத்தத்தை மெல்ல ஊற்றி மெஷினில் சுழற்ற வேண்டும். சிவப்பு அடியில் போகும். மஞ்சள் மேலே நிற்கும். நடுவில் மெல்லிய வெள்ளை வளையம். அதுதான் வெள்ளை அணுக்கள், அதுதான் வேண்டும். மெஷின் தானாக ஓய்ந்து நிற்க வேண்டும், பிரேக் கூடாது.

கார்குழலி பிரேக்கை எடுக்க மறந்தாள். மெஷின் வெடுக்கென்று நின்றது. வளையம் கலங்கிப் போனது.

"இன்னொரு தடவ சொதப்புனா வீட்லயே உக்காந்துக்கம்மா" என்று மேலதிகாரி கிளாட்வின் சொல்லியிருந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர் ரத்தமும் வேண்டும். அதற்கு அங்கே வேலை செய்பவர்களே கை நீட்டுவது வழக்கம். பழகிய கை. தன் ரத்தத்தை எடுத்துப் பிரித்தாள். செல்வாம்பாள் பெயரை ஒட்டினாள்.

வேற்றாள் அணுக்கள் சும்மா இருக்குமா? சோதனையில் செல்வாம்பாள் புருஷனின் அணுக்களோடு வைத்ததும் சண்டைக்குப் போயின. செல்வாம்பாளுக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்டினார்கள். எதிர்ப்புச் சக்தியெல்லாம் அற்றுப்போய், வெறும் சளிக் காய்ச்சலில் செத்தாள்.

அடுத்த மாதம் ஒப்பீட்டுக்கு ரத்தம் கொடுக்கக் கார்குழலியின் முறை. அதே அறை. பிரேக் இல்லை என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ங்ங்ங்... ஓசை தேய்ந்தது. நிற்கவில்லை. தேய்ந்துகொண்டே இருந்தது... ஸ்பிரிட் வாடை போய், மீன் கழுவிய தண்ணீர் வாடை.

நின்றது. திறந்தாள்.

கீழே சிவப்பு. மேலே மஞ்சள். நடுவில் ஒன்றுமில்லை.

மறுபடி குத்தினாள். ஒன்றுமில்லை.

இப்போது மூலக்குளத்தில், ஜன்னல் சாத்திய அறையில் கிடக்கிறாள். காய்ச்சல் விடவில்லை. போன வாரம் கிளாட்வினிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"வெளிய மூச்சு விடாத" என்றார். அன்று ராத்திரியே போய், மிச்ச அணுக்களை உறைய வைத்திருந்த நைட்ரஜன் தொட்டியைத் திறந்தார். செல்வாம்பாள் பெயர் ஒட்டிய குப்பியை எடுத்தார். மூடி பிரிக்காத குப்பி.

உள்ளே ஒரு மீன் செதில். அத்தனை குளிரிலும் உறையாமல்... ஈரமாக.