நாற்பது வீடுகளும் நஜ்முதீன் பாயும்

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் நாகமணி அம்மையார் அவர்களே, பள்ளிவாசலிலிருந்து வந்து துஆ ஓதிய இமாம் அவர்களே, ஹூஸ்டனின் நாலா பக்கமிருந்தும் மழையில் கார் ஓட்டி வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் பாயின் மனைவி அமீனா அக்கா, மகன் தம்பி ஆதிஃப், உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம். நான் சேனாபதி. பேர்லேண்டிலிருந்து டவுன்டவுன் ஆபீசுக்கு ஏழு வருஷம் பாயோடு ஒரே காரில் போய் வந்தவன்.

நம்மை விட்டுப் பிரிந்த டெலிபோன் இன்ஜினியர் ஹாஜா நஜ்முதீன் அவர்களை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் யாரிடமாவது ஃபோனில் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? "நேர்ல பேசுவோம் தம்பி" என்று வைத்துவிடுவார்! முப்பது வருஷம் டெலிபோன் வேலை பார்த்த மனிதருக்கு ஃபோன் மேல் ஏன் இந்த வெறுப்பு? துளைத்துத் துளைத்துக் கேட்டேன். சிரித்து மழுப்புவார். 2004ஆம் வருஷம்தான் பதில் கிடைத்தது.

அன்று ஹில்கிராஃப்டில் மளிகை வாங்கப் போயிருந்தோம். பில் போடும் இடத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பெண். சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு பாய் கேட்டார், எந்த நாடு, எந்த ஊர் என்று. சொன்னாள். "அப்பா பேரு?" சொன்னாள். பாய் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். காரில் உட்கார்ந்துதான் வாய் திறந்தார்.

அந்த நாட்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் பெண் மரியாமாவின் சொந்தங்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அப்போது வெள்ளைக்காரன் போய் இருபது வருஷமான நாடு. விடுதலை வாங்கித் தந்தவரே ஜனாதிபதி. நாற்காலியை விட்டு இறங்க மறுத்த ஜனாதிபதி. அங்கே தொலைபேசி நிலையம் கட்ட, வேலைக்கு எடுக்கப்பட்டவர் நம் நஜ்முதீன் பாய்.

1981இல் ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்து சொன்னாராம்: "நாற்பது வீட்டு இணைப்புகளிலிருந்து நிலையத்தின் மூன்றாவது மாடியில் உள்ள பூட்டிய அறைக்குத் தனிக் கம்பி இழுத்துக் கொடுங்கள். ஜனாதிபதியின் பாதுகாப்புக்காக." பாய் இழுத்துக் கொடுத்தார். ஏன் என்று கேட்டாரா? கேட்கவில்லை. "கேட்டா வேலை போயிடும்னு பயம் சேனாபதி. தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன்" என்றார்.

ஒருநாள் பழுது பார்க்க அந்தப் பூட்டிய அறைக்குள்ளேயே போக வேண்டி வந்தது. உள்ளே என்ன இருந்தது? காதில் ஹெட்ஃபோன் மாட்டிய ஆறு பேர். மேசையில் டைப் அடித்த தாள். ஒரு தலைமை ஆசிரியர் தன் மனைவியிடம், பிள்ளைக்கு இருமல் மருந்து வாங்கி வருகிறேன் என்று சொன்னது வரை அதில் இருந்தது! அடுத்த வாரம் அந்தத் தலைமை ஆசிரியரைக் காணவில்லை. பிறகு யாருமே அவரைப் பார்க்கவில்லை.

பாய் என்ன செய்தார்? ஓடிப்போனாரா? இல்லை! ரிப்பேர் பையைத் தூக்கிக்கொண்டு, லைன் சரிபார்க்க வந்ததாகச் சொல்லி வீடு வீடாகப் போனார். "உங்க லைன்ல மூணாவது ஆள் இருக்காங்க. வானிலை மட்டும் பேசுங்க" என்று காதோடு காதாகச் சொன்னார். பதினோரு வீடு. பன்னிரண்டாவது வீட்டு வாசலில் பிடித்தார்கள். ஏழு வாரம் சிறை. பிறகு போட்ட சட்டையோடு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

அந்தத் தலைமை ஆசிரியரின் நான்கு வயதுப் பிள்ளைதான் மரியாமா. வளர்ந்து பத்திரிகையாளராகி, அதே பாதுகாப்பு அலுவலகத்தைப் பற்றி எழுதி, அவர்களிடமே அடிபட்டு, இங்கே தப்பி வந்து அகதியாக ஏற்கச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார். பாய் மறுபடி அந்தக் கடைக்குப் போய் அவரிடம் பேசியபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. அவர் வீடு கண்காணிக்கப்பட்டது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது.

வக்கீல் எச்சரித்தார்: "கம்பி இழுத்தது நான்தான் என்று கோர்ட்டில் சொன்னால் உங்கள் சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் சிக்கலாகும்." ஆதிஃப் கெஞ்சினான், "வேணாம் வாப்பா, ரிஸ்க் எடுக்காதீங்க. வேற யாராவது கிடைப்பாங்க." அமீனா அக்காதான் சொன்னார்: "இருபத்துநாலு வருஷமா தூக்கத்துல பேசிக்கிட்டு இருக்கீங்க. ஒரு தடவை முழிச்சிருந்து பேசிட்டு வாங்க."

2005இல் கோர்ட்டுக்கு நான்தான் டிரைவ் பண்ணினேன். "இணைப்புக் கொடுத்தது யார்?" என்று அரசு வக்கீல் கேட்டார். "நான்தான். என் கையால" என்றார் பாய்.

மரியாமாவுக்கு அடைக்கலம் கிடைத்தது. பாய்க்கு? விசாரணையில் இருக்கிறது, விசாரணையில் இருக்கிறது என்று மூன்று வருஷம் கடிதம்தான் வந்தது. குடியுரிமை கடைசிவரை வரவில்லை. "வருத்தமா பாய்?" என்று ஒருமுறை கேட்டேன். "கோர்ட்டு வாசல்ல அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சா. நான் இழுத்துக்கப் பார்த்தேன். அவ விடல. அப்புறம் என்ன வருத்தம்?" என்றார்.

அன்பர்களே, அவர் செயலை எடை போட எனக்குத் தகுதியில்லை. பயந்தவரும் அவர்தான், பயத்தோடே பதினோரு கதவைத் தட்டியவரும் அவர்தான். கடைசி வருஷத்தில் அந்த நாற்பது பெயர்களை நினைவிலிருந்து எழுதப் பார்த்தார். முப்பத்தொன்று வந்தது, ஒன்பது வரவில்லை. அவர்கள் என்ன ஆனார்கள்? யார் சிறையில் மாண்டார், யார் தப்பினார்? அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை மரியாமா தொடங்கிவிட்டார். இந்தச் சங்கம் அவரோடு நிற்கும். அந்த வேலைக்கு இன்றே நான் பெயர் கொடுக்கிறேன், நீங்களும் கொடுங்கள்!

இன்னும் ஒன்று. கடைசி வரிசையில், மரியாமாவின் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். டல்லாஸிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். பாய் எழுதிய பட்டியலில் பதினேழாவது பெயர் அவருடையது. பாய் கதவைத் தட்டிய அன்றே குடும்பத்தோடு எல்லை தாண்டியவர். வாசலில் என் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இருபத்தேழு வருஷமாக என் பேரப்பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஃபோன்காரர் பெயர் என்ன?"

சொன்னேன். மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஐயா, மேடைக்கு வாருங்கள். அந்தப் பெயரை இந்த மைக்கில் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்.