ஹெல்மெட் கழற்றிய நேரங்கள்

— இருபத்தி மூணு மணி நேரம் தலையிலேயே இருக்கணும், குளிப்பாட்ட மட்டும் கழட்டுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்களே, உனக்கு அது...

— கழட்டச் சொன்னது யாரு? முதல்ல அதைச் சொல்லுங்க...

— என்னைப் பேசி முடிக்க விடு...

— நீங்க பேசினதாலதாங்க மறுபடியும் இந்த வார்டுல வந்து உட்கார்ந்திருக்கோம்.

— கத்தாத. எல்லாரும் பார்க்கறாங்க.

— பார்க்கட்டும். பிள்ளைக்கு மூணு மாசமா இருக்கறப்போ மண்டையில ஒட்டிப்போன எலும்பை வெட்டி எடுத்தாங்க. தலை ஒழுங்கா வளரணும்னு ஹெல்மெட் குடுத்தாங்க. உங்கம்மாகிட்ட என்னன்னு சொன்னீங்க?

— சளின்னு சொன்னேன்.

— மண்டையைத் திறந்ததுக்குப் பேரு சளி! அப்புறம் அத்தை போன்ல முகம் பார்க்கணும்னா கழட்டு. உங்கக்கா வந்தா கழட்டு. ஆளுக்கு அஞ்சு நிமிஷம்தானேன்னு சொன்ன மகராசன் நீங்கதான்.

— அஞ்சு நிமிஷம்தானே சொன்னேன்? திரும்ப மாட்டறதுக்கு என்ன வந்துச்சு உனக்கு?

— மாட்டினா வீறிட்டு அழுவான். அழுது அழுது அப்படியே தூங்கிடுவான். தூங்கற பிள்ளைக்கு மாட்ட எனக்குக் கை வரலை. ஆமா, தப்புதான். போதுமா?

— நான் மட்டும் என்ன யோக்கியம்? அங்க வெளிநாட்டுல ஒரு ரூம்ல ஆறு பேரு. வேலை முடிஞ்சு வந்து, ஹெல்மெட் இல்லாம அவன் முகத்தை முழுசா ஒரு தரம் போன்ல பார்த்தாத்தான் சோறு இறங்கும்.

— அப்பா, அம்மா, சண்டையைக் கொஞ்சம் ஓரமா வைங்க. எனக்கு இன்னும் ஒன்பது கட்டில் பாக்கி இருக்கு.

— சொல்லுங்க சிஸ்டர்.

— எலும்பு மறுபடியும் ஒட்டிடுச்சு. உள்ள மூளைக்கு இடம் பத்தலை. அந்த அழுத்தம் கண் நரம்பைப் பிடிக்குது. திரும்ப ஆபரேஷன் பண்ணணும். போன தடவை மாதிரி சின்னக் கீறல் இல்லைம்மா, இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும். ரத்தம் ஏத்தணும். ஆபத்து இருக்கு, நான் மறைக்க மாட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டுட்டார். நீங்க?

— போடு. ஏன் பேனாவையே பார்த்துக்கிட்டு இருக்க?

— கண்ணு நல்லாயிடுமா சிஸ்டர்?

— இருக்கற பார்வையைக் காப்பாத்தலாம். போனதைக் கொண்டுவர முடியாது. மத்தியானம் கண் டாக்டர் வந்து பார்ப்பாங்க. வீட்ல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். ஏழு மாசம் கழிச்சு காலையிலதான் வந்து இறங்கினேன். வாசல்ல நின்னு "டேய் குண்டு"ன்னேன், பட்டுனு திரும்பி அப்படி ஒரு சிரிப்பு! நல்லாத் தெரியுது அவனுக்கு. நீயே சொல்லேன்.

— என்னத்தைச் சொல்ல?

— சிஸ்டர் கேக்கறாங்கல்ல?

— போன மாசம் ஒருநாள் நீங்க போன் பண்ணீங்க, சத்தமே வரலை. கையை ஆட்டினீங்க, நாக்கைத் துருத்தினீங்க, துண்டைத் தலையில கட்டிக்கிட்டு ஆடக்கூடச் செஞ்சீங்க. நான் போனை அவன் மூஞ்சிக்கு நேரா ஒட்டிப் பிடிச்சிருந்தேங்க. சும்மா இருந்தான். அப்புறம் சத்தம் வந்துச்சு, அப்பத்தான் சிரிச்சான்.