தூணுக்கு முன்னால் போட்ட நாற்காலி

சிட்டு, உன்னைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், பயப்படாதே. இப்படிக் கூப்பிட்டுவிட்டுத்தான் நான் பேச ஆரம்பித்தேன். முதலில் பேரும் ஊரும் சொல்லம்மா என்றார் ஏட்டையா. கூப்பிட்டதையும் எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதால் அதையும் எழுதியிருக்கிறார்.

என் பெயர் பூவாத்தாள். தகப்பனார் மாரப்பன், காலமாகிவிட்டார். வயது முப்பத்திரண்டு இருக்கும், சரியாகத் தெரியாது. சொந்த ஊர் ஹனூர் பக்கம். இப்போது மைசூர் மண்டி மொஹல்லாவில் வெங்காய மண்டிக்குப் பின்சந்தில், மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். மூன்றாவது வரை படித்திருக்கிறேன். கன்னடம் பேச வரும், எழுத வராது. அதனால் கொள்ளேகால்காரரான ஏட்டையா நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்கிறார். தொழில், ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் பெரிய ரோட்டில் ஒரு லைவ் பேண்ட் பாரில் மேடையில் ஆடுவது. பாட்டுக் கச்சேரியில் வேலை என்று போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ஆடுவது என்றே போடுங்கள் என்றேன்.

இறந்துபோன அஞ்சலை என் சித்தி மகள். வயது இருபத்திரண்டு. வீட்டில் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். சித்தி போன பிறகு என்னிடம் வந்து, முதலில் ஊதுபத்தி உருட்டப் போனாள். அந்தத் தூள் நெஞ்சில் சேர்ந்து இருமல் வந்ததால் அதை விட்டாள். அதன் பிறகு என்னோடு மேடைக்கு வந்தாள். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தோம், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தோம்.

இந்தக் கேஸில் பிடித்து வைத்திருக்கிற செந்தில்நாதன் ஹெப்பாளில் ஒரு பேக்டரியில் பிட்டராக வேலை செய்கிறவர். ஏட்டையா அவர் என்று எழுதுகிறார், நான் அப்படிச் சொல்லவில்லை. அஞ்சலை ஒரு மாதமாகத் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாலேயே தன்னை வரச் சொன்னாள், தன்னோடு வருவதற்காகத்தான் அன்றைக்கு ரோட்டில் நின்றாள், கால் தவறி லாரியில் விழுந்தாள் என்று அவர் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். அவருடைய அண்ணனும் அப்படியே சொல்கிறாராம். அதுவே எழுத்தில் நின்றுவிட்டால், காதலனோடு ஓடும்போது அடிபட்டுச் செத்தவள் என்று சிட்டுவுக்குப் பேராகிவிடும், அவரும் வெளியே வந்துவிடுவார். நடந்தது அதுவல்ல. அது எனக்கு எப்படித் தெரியும் என்பது, நாங்கள் ஆடும் முறை தெரியாதவர்களுக்கு விளங்காது. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் மேடை சின்னது. கீழே இரண்டு பக்கமும் மேஜைகள், நடுவில் கூரையைத் தாங்குகிற சிமெண்ட் தூண். ஒரு பாட்டுக்கு இரண்டு பேர் ஆடுவோம். இடது பக்க மேஜைகள் எனக்கு, வலது பக்கம் சிட்டுவுக்கு. பல்லவி எல்லாருக்கும் பொது, அப்போது யாரிடமும் நிற்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணை ஓட்ட வேண்டும். சரணம் நோட்டு நீட்டியவருக்கு. நோட்டு நீட்டினால் முதலில் கையைத்தான் பார்க்க வேண்டும், முகத்தை அல்ல, கை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. நோட்டை வாங்கிக் கேஷியர் மல்லப்பன் வைத்திருக்கும் தட்டில் போட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். நிறையக் கொடுத்தவரிடம் நிறைய நேரம் நிற்கக் கூடாது. நின்றால் அவருக்கு மனசு நிறைந்து வீட்டுக்குப் போய்விடுவார், மற்ற மேஜைக்காரர்களுக்கும் பொறுக்காது. பாதியிலேயே திரும்பி அடுத்தவரிடம் போய்விட்டு மறுபடி வர வேண்டும். ஒருவருக்குச் சிரிப்பைக் கொடுக்கும்போது இன்னொருவர் பக்கம் கையை நீட்டியிருக்க வேண்டும். ஒன்றும் கொடுக்காதவருக்குப் பின்னலைத்தான் காட்டுவோம். இதில் ஆசை எதுவும் கிடையாது. பந்தியில் பரிமாறுகிறவள் இலை இலையாகப் பார்த்துப் போவது மாதிரிதான்.

யாராவது கையைப் பிடித்துக்கொண்டு விடாவிட்டால் மேடையில் சத்தம் போட முடியாது, முதலாளி ஆளை மாற்றிவிடுவார். அதற்கு எங்களுக்குள் ஒரு சைகை உண்டு. பிடிபட்டவள் இடது காதுத் தோட்டைத் தொடுவாள். தொட்டால், இந்த ஆளை நீ வந்து வாங்கிக்கொள், என்னை விடுவி என்று அர்த்தம். மற்றவள் தன் பக்கம் எவ்வளவு பெரிய நோட்டு நீண்டிருந்தாலும் விட்டுவிட்டு, ஆட்டத்தோடு ஆட்டமாகக் குறுக்கே புகுந்து அந்த ஆளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். சிட்டு எத்தனையோ தடவை தொட்டிருக்கிறாள், நான் போகாமல் இருந்ததில்லை. நான் தொட்டபோதெல்லாம் அவளும் வந்திருக்கிறாள்.

தூணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டி முதலாளி ஒருவரும் ஹெப்பாள் கான்ட்ராக்டர் ஒருவரும் தூணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்காருவார்கள். இரண்டு பேருக்கும் போட்டி, ஒரே நேரத்தில் நோட்டைத் தூக்குவார்கள். அப்போது இரண்டு பேரையும் பார்க்காமல் நடுவில் இருக்கிற தூணைப் பார்த்து ஆட வேண்டும். இவர் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைப்பார், அவரும் அப்படியே நினைப்பார், சண்டை வராது. தூணில் சுண்ணாம்பு பெயர்ந்த இடம் ஒன்று ஆள் முகத்து உயரத்தில் இருந்தது, சிட்டு அதைத்தான் பார்ப்பாள். "இங்க வர்றவங்கள்லயே தூணுதாங்க்கா நல்ல மனுசன், காசும் குடுக்கறதில்ல, கையும் புடிக்கறதில்ல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வருடம் தசராக் கூட்டத்தில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மல்லப்பன் எங்கிருந்தோ ஒரு இரும்பு நாற்காலி கொண்டுவந்து தூணை ஒட்டிப் போட்டார். அங்கே எதற்கு என்று நான் கேட்டதற்கு, "சும்னே நின்னுட்டிருக்காங்க பூவம்மா, ஒரு சேர் போட்டா ஒரு பீராவது போகும்ல" என்று கன்னடம் கலந்து சொன்னார். தசரா முடிந்து கூட்டம் போன பிறகும் நாற்காலியை எடுக்கவில்லை. அதன் பிறகு மேற்படி செந்தில்நாதன் ஷிப்ட் முடிந்து பேக்டரிச் சட்டையோடு வந்து தினமும் அதில் உட்கார ஆரம்பித்தார். சுண்ணாம்பு பெயர்ந்த இடம் அவர் தலைக்குப் பின்னால் மறைந்துபோனது. சிட்டுவின் கண் பழகின இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. நோட்டு நீட்டாதவருக்குப் பின்னலைக் காட்டுகிற மேடையில், ஒரு நாளும் நோட்டு நீட்டாத அவருக்கு மட்டும் தினமும் பார்வை கிடைத்தது. காசு வாங்காமல் பார்க்கிறாளே என்று அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அதன் பிறகு ஒரு நாள் அவர் மல்லப்பனிடம் கண்ணாடி வளையல் கொடுத்துவிட்டார். மல்லப்பன் அதைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுவந்து, "ஏம்மா சிட்டு, தட்டுல நோட்டு வரும், சில்லறை வரும், இன்னைக்கு சீர்வரிசையே வந்திருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிட்டு வளையலைக் கையில் போட்டுப் பார்க்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள், மல்லப்பனும் கொடுத்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாற்காலியை எடுத்துவிடுங்கள் என்று மல்லப்பனிடம் சொன்னேன். "நாற்காலி என்னம்மா பாவம் பண்ணிச்சு" என்றார், எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்மை சொல்வதாகச் சொல்லிவிட்டேன், மறைத்தால் நான் மற்றதைச் சொல்வதும் எடுபடாது. ஒரு நாள் மேற்படி நபர் வரவில்லை. ஆட்டம் முடிந்து சலங்கையைக் கழற்றும்போது சிட்டு, "தூணுகிட்ட ஒக்கார்றவரு இன்னைக்கு வரலையாட்ட இருக்குதுக்கா" என்றாள்.

"உனக்கெப்படிடி தெரியும்?" என்றேன்.

"தூணு பூராத்தையும் பாத்தனே, அதான்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அவள் குனிந்து சலங்கையின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்ததால் நான் முகத்தைப் பார்க்கவில்லை.

சம்பவத்தன்று, டிசம்பர் மாதம் முதல் வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிட்டு தன் ஜாக்கெட்டில் கொக்கி பிய்ந்திருப்பதாகவும், முன்னாலேயே போய்த் தைத்துக்கொள்வதாகவும் சொன்னாள். "நீங்க தின்னுட்டு மெதுவா வாங்க" என்றாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன். பாருக்கு எதிர்ப்பக்கம் பஸ் நின்றது, நான் இறங்கினேன், பஸ் நகர்ந்தது. நல்ல வெயில் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பார் கேட்டுக்கு வெளியே, மேற்படி செந்தில்நாதன் சிட்டுவின் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய இன்னொரு கையில் துணிப்பை இருந்தது. அதில் புடவையும் மஞ்சள் கயிறும் இருந்ததாக ஏட்டையா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேடையில் செய்வது போலவே முதலில் அவர் கையைப் பார்த்தாள். அதன் பிறகு அவர் தோளுக்கு மேலாகக் கேட்டோரத்து விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். "எங்கடி பாக்கற, இங்க பாரு, என்னையப் பாரு" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது.

அப்போது சிட்டு திரும்பி என்னைப் பார்த்தாள். சும்மா இருந்த இடது கையைத் தூக்கி இடது காதுத் தோட்டைத் தொட்டாள். நான் வருகிறேன் என்று கையைக் காட்டினேன். கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று நடுவில் போய்க்கொண்டிருந்ததால் நின்றேன். டிராக்டர் போனதும் ரோட்டில் இறங்கினேன். அதற்குள் அவர், இவள் யாரைப் பார்க்கிறாள் என்று என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்த கையை வேகமாக உதறினார். கையை விட்டார் என்று எழுத வேண்டாம், உதறினார் என்று எழுதுங்கள் என்று கேட்டேன், அப்படியே எழுதியிருக்கிறார். சிட்டு பின்பக்கமாக ரோட்டுக்குள் வந்து விழுந்தாள். பெங்களூர்ப் பக்கமிருந்து லாரி வந்தது. லாரி டிரைவர் மேல் எனக்குப் புகார் இல்லை, அவரால் நிறுத்தியிருக்க முடியாது. நிறுத்திய பிறகு இறங்கி ரோட்டோரத்தில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மல்லப்பன் கேட்டுக்கு உள்ளே இருந்தார். சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்ததாகச் சொல்கிறார், அது நிஜமாக இருக்கலாம். லாரி டிரைவரும் அவள் விழுந்ததைத்தான் பார்த்திருப்பார், அதனால் உதறியதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் சிட்டுவின் தோடு இரண்டையும் கழற்றிக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார்கள். முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். சாட்சிக்கு வேண்டுமென்றால் தருகிறேன், திருப்பித் தர வேண்டும். அவளுடைய பையில் சலங்கையும் ஊசியில் கோத்த நூலும் இருந்தன. ஜாக்கெட்டில் கொக்கி தைத்திருக்கவில்லை.

நேற்று நான் ஸ்டேஷனுக்கு வரும் வழியில் மேற்படி நபரின் அண்ணன் மண்டிச் சந்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, "உனக்கும் அதே ரோட்டுலதானம்மா பஸ்ஸு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு ஸ்டேஷனுக்கு எதிரிலும் அந்த வண்டி நிற்கிறது. நான் சொல்லி முடித்ததும் பஸ் ஸ்டாண்டு வரை யாராவது கூட வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு இன்ஸ்பெக்டர் ஐயா ஒரு கேள்வி கேட்டார். "காதைத் தொட்டது சைகைதான்னு எப்படிம்மா சொல்றே? முடியை ஒதுக்கினதா இருந்தா? அவங்க வக்கீல் இதைத்தான் கேப்பார்."

"காத்து அடிக்கலீங்க சாமி" என்றேன்.

"டிராக்டர் போச்சுங்கறியே, அது போற வேகத்துக்கு முடி பறக்காதா?" என்றார்.

அவள் முடியை ஒதுக்கினால் வலது கையால்தான் ஒதுக்குவாள் என்றேன். வலது கையைத்தான் அவன் பிடித்திருந்தானே என்றார். ஆனாலும் அது சைகைதான் என்று சொல்கிறேன். கோர்ட்டில் கேட்டாலும் அதையே சொல்வேன்.

யாரும் சொல்லிக் கொடுத்து நான் பேசவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறேன். ஏட்டையா முழுவதும் வாசித்துக் காட்டினார், நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. கீழே என் கையெழுத்தைப் போடுகிறேன். கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அது வழக்கமில்லை, இருந்தாலும் எழுதிக்கொள் என்று பேனாவைக் கொடுத்தார்.

பூவாத்தாள்

சிட்டு, நீ தோட்டைத் தொட்டது என்னைக் கூப்பிடத்தானே?