இரண்டு பாதைக்கும் பதினான்காம் பக்கம்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தாறு. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருக்கிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, விசில் ஊதி அனுப்புவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். நிலையத்தில் என்னை விசில் என்றால்தான் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

காணவில்லை என்று புகார் கொடுக்கப்பட்டிருப்பவள் என் உடன்பிறந்த தங்கை. வயது முப்பத்தெட்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். புகார் கொடுத்தவர் அவள் கணவர், பள்ளியில் கணக்கு ஆசிரியர். எனக்கும் அவருக்கும் எந்தப் பகையும் இல்லை. மாப்பிள்ளை தங்கமான மனிதர். அவரைத் தேடிப் பிடித்ததே நான்தான்.

புகாரில் ‘விளையாட்டு ஒன்றினால் மனம் மாறி’ என்று எழுதியிருப்பதால் அந்த விளையாட்டைப் பற்றி உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான், என் மனைவி, தங்கை, மாப்பிள்ளை நால்வரும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கதை விளையாட்டு ஆடுவோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். என் மனைவி வைத்தியர், மாப்பிள்ளை வாள்வீரர், தங்கை ஓடக்காரி. ‘எதிரே காடு, என்ன செய்கிறீர்கள்’ என்று நடத்துபவர் கேட்பார், அவர்கள் இஷ்டப்பட்டதைச் சொல்வார்கள், அது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பச்சைப் பகடையை உருட்டிப் பார்ப்போம். பெரிய எண் விழுந்தால் தப்பித்தார்கள். பந்தயம் எதுவும் கிடையாது. மூன்று வருடமும் கதையை நடத்தியவன் நான். வேறு யாரும் நடத்தக் கேட்கவில்லை என்று முதலில் சொன்னேன். பின்னர் யோசித்துப் பார்த்து, தங்கை ஒரு முறை கேட்டாள், நான் கொடுக்கவில்லை என்று திருத்திக்கொண்டேன்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்காருவோம். மேசை மேல் நீல விரிப்பு. கொஞ்ச நேரத்தில் அது ஆறாகிவிடும். மாப்பிள்ளை தன்னையறியாமல் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொள்வார், நனைந்துவிடும் என்பதுபோல. தங்கை குரலைத் தாழ்த்தி, “துடுப்பை உள்ள வெச்சுட்டேன், யாரும் சத்தம் போடாதீங்க” என்பாள். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் அக்கரையில் யாரோ அடிப்பதுபோலக் கேட்கும். சுவரோரம் குளிர்சாதனப் பெட்டி முனகுவதுகூடத் தண்ணீர் ஓடுகிற மாதிரிதான் இருக்கும். இதெல்லாம் விசாரணைக்குத் தேவையா என்று கேட்கப்பட்டது. தேவை என்று நான் சொன்னதால் எழுதப்படுகிறது.

கதை நடத்துவதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதை இரண்டாகப் பிரிகிறது, இடமா வலமா என்று கேட்பேன். மூவரும் அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நான் சனிக்கிழமையே நோட்டில் எழுதிவைத்த அதே பாலம்தான் வரும். அதுபோக, எனக்கு முன்னால் ஒரு அட்டையை மறைப்பாக நிறுத்தி, எல்லோருக்கும் நானே அதன் பின்னால் பகடை உருட்டுவேன். ஓடக்காரி சாகிற மாதிரி எண் விழுந்தால் வேறு எண்ணைச் சொல்லிவிடுவேன். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். போய்ச் சேரும் இடம் தெரியாமல் ஒரு வண்டிக்கு விசில் ஊதிப் பழக்கம் இல்லாதவன் நான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சுமார் நான்கு மணிக்கு ஓடக்காரி சுழலில் குதித்து நீந்தினாள். நான் உருட்டி, பதினேழு, கரை சேர்ந்தாய் என்றேன். அந்த நேரம் மாப்பிள்ளையின் கை பட்டு டீ கொட்டிவிட்டது. நான் துணி எடுக்க உள்ளே போனேன். அதன் பிறகு திரும்பி வந்தபோது, நனையாமல் இருக்கட்டும் என்று தங்கை என் நோட்டைக் கையில் தூக்கி வைத்திருந்தாள். நோட்டு திறந்திருந்தது.

“அண்ணா, இடது பாதைன்னா பக்கம் பதினாலு. வலது பாதைன்னாலும் பக்கம் பதினாலா?”

அந்த ஊரில் ரோடு போட்டவன் சோம்பேறி என்று சொல்லிச் சமாளித்தேன். என் மனைவி சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி என் பக்கம் வந்து அட்டைக்குப் பின்னால் பார்த்தாள். பகடை விழுந்தபடியே கிடந்தது. மூன்று.

“பதினேழுன்னு சொன்ன.”

“மூணுன்னா நீ மூழ்கியிருப்ப பாப்பா.”

“மூணு வருஷத்துல எத்தனை தடவை மூழ்கியிருப்பேன்?”

மாப்பிள்ளை விரல்விட்டு எண்ணி, “சராசரியா ஒரு ஏழெட்டு தடவை இருக்கும். எனக்கு அப்பவே சந்தேகம்தான்” என்றார். அவரை அப்போது அடிக்கலாம்போல இருந்தது. அடிக்கவில்லை.

அதன் பிறகு தங்கை தன் இடத்தில் போய் உட்கார்ந்து, ஓடக்காரி இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை, ஓடத்தைத் தள்ளி ஆற்றோடு கீழே போகிறாள் என்றாள். அங்கே ஒன்றும் இல்லை, இன்னும் நான் வரையவில்லை என்றேன். “அப்ப அங்கதான் போறேன்” என்றாள். நான் மூடுபனி இறங்குகிறது என்றேன். பனியில் ஓடம் சுற்றிச் சுற்றி அதே கரைக்கே வந்து நிற்கிறது என்றேன். அவள் மறுபடி தள்ளினாள். மறுபடி பனி, மறுபடி அதே கரை. மூன்றாவது முறையும் அப்படியே செய்தேன். பாலத்தை ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தேன், எனக்குக் கோபம் இருந்தது, அதை மறுக்கவில்லை. மூன்றாவது முறைக்குப் பின்னர் அவள் எழுந்தாள். பகடையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

அன்று அவள் வீட்டுக்குத்தான் போனாள். சமைத்தாள், சாப்பிட்டாள், சாதாரணமாக இருந்தாள் என்று மாப்பிள்ளை சொல்கிறார். திங்கட்கிழமை காலை வேலைக்கு என்று கிளம்பியவள் வேலைக்குப் போகவில்லை, திரும்பி வரவும் இல்லை. கைப்பேசி சமையலறை அலமாரியில் இருந்தது.

அவளுக்கு வேறு மனக்குறை உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை என்றேன். எல்லாம் அவள் விருப்பப்படிதான் நடந்தது என்றேன். பள்ளி முடித்தபோது நர்சிங்கா, லேபா என்று அவளையே கேட்டேன். இரண்டும் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரே கல்லூரியில்தான் இருந்தன. கல்யாணத்துக்கு இரண்டு போட்டோ காட்டி, யாரைப் பிடித்திருக்கிறது, நீயே சொல் என்றேன். இரண்டு பேருமே எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டேன், கொடுக்கப்பட்டது.

இனிச் சொல்வதை மாப்பிள்ளையிடமும் என் மனைவியிடமும் இதுவரை சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை நிலையத்தில் நல்ல மழை. கூண்டுக் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து, வெளியே ஆட்கள் கரைந்து கரைந்து போனார்கள். மழையில் வண்டிகள் தாமதமாகி, பத்து நாற்பதுக்கு நான்கும் ஒன்றாகக் கிளம்பத் தயாராக நின்றன. நான்கும் நான்கு திசை. நான் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த வட்டத்துக்குள் தங்கை நின்றிருந்தாள். தோளில் ஒரு பை. வண்டிகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கையைத் தூக்கினால் நான்கு வண்டியும் நிற்கும். அது அவளுக்கும் தெரியும். பகல் தூக்கத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடப்போமே, அப்படி இருந்தது எனக்கு.

பின்னர் நான் தலையைக் குனிந்து, பதிவேட்டில் கண்ணை வைத்துக்கொண்டு, நான்கு முறை விசில் ஊதினேன். நான்காவது வண்டியின் சத்தம் அடங்குகிற வரைக்கும் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது துடைத்த இடத்தில் மறுபடி ஆவி படிந்திருந்தது. அவள் எந்த வண்டியில் ஏறினாள் என்று எனக்குத் தெரியாது.

நேரக் காப்பாளருக்குத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள் என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். “தெரிஞ்சு மறைக்கிறீங்களா, நீங்களே அனுப்பி வெச்சீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்” என்றார். எதைச் சொன்னாலும் ஒரே பக்கம்தான் வரும், அந்த வேலையை மூன்று வருடம் பார்த்தவன் நான் என்றேன். பார்க்காமல் இருந்தேன் என்பதுதான் உண்மை. அதற்காகத் துறை விசாரணை வந்தால் வரட்டும்.

நேற்று புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு நிலையத்து மேசைத் தொலைபேசி அடித்தது. பழைய பெட்டி, கூப்பிடுகிறவர் எண்ணைக் காட்டாது. எடுத்தேன். “அண்ணா, நான் நல்லா இருக்கேன். அவர்கிட்ட நானே பேசறேன், நீ பேசாத. இப்ப உருட்டறேன், கேளு” என்றாள். சத்தத்தைக் கேட்டால் ஏதோ கல் தரைபோல இருந்தது. பகடை நெடுநேரம் உருண்டு, எங்கோ போய் இடித்து, நின்றது. என்ன விழுந்தது என்று கேட்டேன். “சொல்ல மாட்டேன்” என்றாள். மூன்றாக இருக்குமோ என்று நினைத்தேன். பின்னர், மூன்று வருடமாகப் பதில் தெரிந்துகொண்டே கேட்ட கேள்வியை, தெரியாமல் கேட்டேன்.

“சரி பாப்பா. என்ன செய்யற?”

“துடுப்பை எடுத்துட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாள். தொடர்பு துண்டிக்கப்பட்டது.

மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அவள் சிரித்தாள் என்பது விடுபட்டிருந்தது, சேர்க்கச் சொன்னேன், சேர்க்கப்பட்டது. யாரும் தூண்டாமலும் தடுக்காமலும் நானே சொன்ன இவை அனைத்தும் உண்மை. மற்றபடி எனக்குத் தெரியாது.

(ஒப்பம்)
நேரக் காப்பாளர்