ஊசி வரி

பஸ் ஸ்டாண்டில் புத்தகம் வாங்குகிறவர்கள் முதல் பக்கத்தைப் படிப்பதில்லை, சார். நடுவில்தான் பிரிப்பார்கள். கண்ணில் படுகிற நாலு வரி பிடித்துவிட்டால் பர்ஸைத் திறப்பார்கள். பிடிக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் முறுக்குப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வடமதுரை வைத்தியர் பொன்னுச்சாமி எழுதிய சர்க்கரை நோய்ப் புத்தகத்தை நான்தான் போட்டேன். நல்ல புத்தகம். ஆனால் நடுப்பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் அதை நிறுத்தக் கூடாது.' திண்டுக்கல்லிலும் கொடைரோடு ஸ்டேஷனிலும் கடை ஓரமாக நின்று பார்த்தேன். ஆசையாகப் புரட்டுகிறவர்கள் அந்த வரிக்கு வந்ததும் புத்தகத்தைக் கீழே வைத்தார்கள். ஊசியை விட வழி தேடுகிறவனிடம் ஊசியை விடாதே என்றால் அவன் ஏன் வாங்குவான்?

இரண்டாம் பதிப்பில் அந்த வரி இல்லை. புத்தகம் ஓடியது.

வைத்தியர் பதறிக்கொண்டு வந்தார். "அப்பு, ஊசி வரிய எங்கப்பா காணோம்? அது இல்லாட்டி இது மருந்தில்ல, வெஷம்."

"டைப் அடிச்ச பிள்ள விட்டுருச்சுங்கய்யா. அடுத்த பதிப்புல சேத்துருவோம்."

நம்பிப் போனார். அடுத்த பதிப்பிலும் அந்த வரி இல்லாததைப் பார்த்துத் திரும்ப வந்து, கடைகளில் இருக்கும் பிரதிகளையெல்லாம் திரும்ப எடுக்கச் சொன்னார். உரிமையை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டதை நினைவுபடுத்தினேன். "எழுதினது நீங்க, ஐயா. புத்தகம் என்னோடது." வெளியே போய்விட்டார். வயதானவர்களுக்கு வியாபாரம் பிடிபடுவதில்லை.

வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்த முனீஸ்வரி மில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதை வாங்கியிருக்கிறாள். அவள் மகள் தமிழ்நிலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் ஊசி. புத்தகத்தைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்தி, ஆவாரம்பூக் கசாயம் கொடுத்தாள். ஒரு வாரம்கூடப் பிள்ளை தாங்கவில்லை.

அவள் கணவன் புகார் கொடுத்ததும் நீங்கள் வைத்தியரைப் பிடித்தீர்கள். அட்டையில் அவர் பெயர்தானே இருந்தது. நீங்கள் கேட்டபோது, அவர் அப்படி ஒரு வரி எழுதவே இல்லை என்று சொன்னேன். முதல் பதிப்பு யார் வீட்டிலும் மிச்சமிருக்காது என்று நினைத்தேன். இப்போது உங்கள் மேசையிலேயே ஒன்று இருக்கிறது.

முனீஸ்வரி என் அலுவலகத்துக்கு வந்தது உண்மைதான். சண்டை போட வருகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் பிரதியைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். பிள்ளையின் பாடப்புத்தகம் போல அதற்கு அட்டை போட்டிருந்தாள்.

"இதுல இருக்கமாதிரியேதான் செஞ்சேண்ணே. குத்திக் குத்திப் பிள்ள தொடையெல்லாம் கன்னிப்போச்சு, அதப் பாக்க மாட்டாமத்தான் ஊசிய நிறுத்துனேன். எதுல தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லுங்கண்ணே."

டீ வரவழைத்தேன். அவள் தொடவில்லை.

"வெறும் வயித்துலயாம்மா கசாயம் குடுத்த?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "வாந்தியா எடுத்தா. ஒருநா மட்டும் கஞ்சி குடுத்துட்டு அப்புறம் குடுத்தேன்."

"அதாம்மா."

"அதானாண்ணே?"

"பத்தியம் தப்பிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல."

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். புத்தகத்தை மூடி மஞ்சப்பையில் வைத்தாள். என்னைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினாள். மறுநாள் காலையில் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்ததாகப் பேப்பரில் பார்த்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். அந்த வரியை எடுத்தவன் நான். தெரிந்தேதான் எடுத்தேன். பிள்ளை செத்த பிறகும் கடைகளுக்குப் புத்தகக் கட்டு அனுப்பினேன். வைத்தியரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவர்மேல் குற்றம் இல்லை.

ஆனால் முனீஸ்வரியின் சாவை என்மேல் எழுதாதீர்கள். பிள்ளை ஏன் போனது என்று தெரியாமல் தவித்தவளுக்கு ஒரு காரணம் சொல்லி ஆறுதல்படுத்தி அனுப்பியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.